பதினாறு வீட்டு மூச்சு

ஜெபக்கனி ஓடத் தொடங்கிய முதல் நாள், ஆவணி மாதத்து ஒரு திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணிக்கு அவள் எங்கள் குடியிருப்பின் வாசலைத் தாண்டி, ரேஷன் கடையைத் தாண்டி, வாய்க்கால் பாலம் வரை போய்த் திரும்பி வந்தபோது அவளுக்குத் துளிகூட மூச்சிரைக்கவில்லை. மோட்டார் அறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மேல்தொட்டி நிரம்பட்டும் என்று காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த பால்துரை அண்ணாச்சிக்குத்தான் இரைத்தது. பனியன் நனைந்து, முகம் சிவந்து, பேச வாய் வராமல் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டதைப் பார்த்து, மேல்மாடி இசக்கி அவரை பைக்கில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்த டாக்டர் நெஞ்சில் வயரெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமில்ல பெரியவரே, நல்லா ஓடிட்டு வந்திருக்கிய, அவ்வளவுதான்” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அண்ணாச்சி வாழ்நாளில் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவர். பஸ் டெப்போவில் முப்பது வருஷம் டைம்கீப்பராக இருந்ததால் பஸ்கள்தான் அவருக்காகக் காத்திருந்தன.

எங்கள் குடியிருப்பு திருநெல்வேலியில் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டு மாடிக் கட்டடம் ஒன்று, பதினாறு வீடு, ஒரு மோட்டார். தினமும் விடியலில் யாராவது ஒருவர் எழுந்து மோட்டாரைப் போட்டு, தொட்டி நிரம்பும்வரை காவல் இருந்து, அணைத்துவிட்டு வரவேண்டும். இதற்கு மோட்டார் முறை என்று பெயர். வீட்டுக்கு ஒரு பெயர் வீதம் பதினாறு பெயர்களைப் பால்துரை அண்ணாச்சி தன் கையால் கரும்பலகையில் எழுதி மோட்டார் அறைச் சுவரில் மாட்டியிருந்தார். குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவரை யாரும் தேர்ந்தெடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஜெபக்கனிக்கு முப்பத்தொன்பது வயது. தரைத்தளத்தில் தனியாக இருந்தாள். பத்திர எழுத்தர் ஒருவரிடம் தட்டச்சு வேலை, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை நாற்காலி. பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு அவள் எதற்காகவும் ஓடியதில்லை. திடீரென்று வெள்ளை ஷூ வாங்கி, சுடிதாருக்கு மேல் துண்டைக் குறுக்கே கட்டிக்கொண்டு அவள் கிளம்பியபோது, “என்ன தாயி, மாப்பிள்ளை பாத்தாச்சா?” என்று நாங்கள் கேலி செய்தோம். அவள் சிரித்தாள், காரணம் சொல்லவில்லை. நாங்களும் மறுபடி கேட்கவில்லை, ஏனென்றால் கேலி செய்பவனுக்குப் பதில் தேவைப்படுவதில்லை. நான் இரண்டாம் மாடி நம்பிராஜன். மெத்தைக் கடையில் விற்பனையாளன், தூக்கத்தை விற்பதிலும் தூங்குவதிலும் கெட்டிக்காரன் என்று என் வீட்டுக்காரி சொல்லுவாள்.

மறுநாள் அவள் ஓடினாள், இசக்கிக்கு இரைத்தது. அதற்கடுத்த நாள் முதல் மாடி பியூலா டீச்சருக்கு. டீச்சர் அப்போது மோட்டார் அறை வாசலில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். அதற்கடுத்த நாள் இன்னொருவருக்கு. பதினோராம் நாள் அண்ணாச்சி கரும்பலகைக்கு முன்னால் நின்று, யார் யாருக்கு எப்போது இரைத்தது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்து, “இது நம்ம லிஸ்ட்டுப்படியில்லா போகுது!” என்று கூவினார். உண்மைதான். ஜெபக்கனியின் மூச்சிரைப்பு அன்றைய மோட்டார் முறைக்காரருக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுடைய சொந்த முறை வந்த நாளில் அவள் பெயரைத் தாண்டி அடுத்த பெயருக்குப் போனது. அது எங்கிருந்து இந்த ஒழுங்கைக் கற்றது என்று யாருக்கும் தெரியாது. அண்ணாச்சிக்கு மட்டும் தன் கையெழுத்துக்குக் கிடைத்த மரியாதை என்று உள்ளூரப் பெருமை.

எங்கள் ஊரில் எதையும் இரண்டு வாரத்துக்கு மேல் அதிசயமாக வைத்துக்கொள்வதில்லை. முதலில் முறைக்காரர்கள் பயந்து, பாயை விரித்துப் படுத்து, பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீரோடு இரைப்புக்காகக் காத்திருந்தார்கள். பிறகு பார்த்தால், இரைத்து முடித்தவருக்கு அன்று பகல் முழுவதும் கபகபவென்று பசிக்கிறது, ராத்திரி படுத்தவுடன் தூக்கம் வருகிறது, வயிறு ஒழுங்காகக் கழிகிறது, அந்தக் குணம் நாலைந்து நாளைக்கு உடம்பில் நிற்கிறது. அண்ணாச்சிக்கு சர்க்கரை இறங்கியது. பியூலா டீச்சருக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்று குறைந்தது. எனக்கு பெல்ட்டின் கொக்கி ஓர் ஓட்டை உள்ளே போனது. கட்டிலில் குப்புறக் கிடந்தபடியே ஐந்து கிலோமீட்டர் ஓடிய சுகம் எத்தனை பேருக்கு வாய்க்கும் சொல்லுங்கள். ஆகவே நாங்கள் அதையும் தண்ணீர் மாதிரி, மொட்டைமாடித் துணிக்கொடி மாதிரி, பொதுச் சொத்தாக ஏற்றுக்கொண்டோம். ஊருக்குப் போகிறவர்கள் முறையைக் கைமாற்றினார்கள். சாளைமீன் குழம்புக்கு ஒரு முறை மாறியது. சங்கக் கூட்டத்தில், ஒரு நாளைக்கு ஒருவருக்குத்தான் கிடைக்கிறது, பதினாறு நாள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, ஆகையால் ஜெபக்கனி சாயங்காலமும் ஓடினால் நல்லது என்று தீர்மானம் போட்டோம்.

அவளும் ஓடினாள். புதிதாக ஓடுகிறவர்கள் நாலாம் நாள் கால்வலி என்பார்கள், ஏழாம் நாள் மழை என்பார்கள், பத்தாம் நாள் ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவார்கள். ஜெபக்கனியால் அது முடியாது. ஐந்தரைக்கு அவள் கதவு திறக்காவிட்டால் அன்றைய முறைக்காரர் போய்த் தட்டுவார்: “ஏ ஜெபக்கனி, எம் முறையில்லா இன்னிக்கு! எந்திரிம்மா!” அவளுக்குக் காய்ச்சல் வந்தபோதுகூடக் கஷாயம் வைத்துக் கொடுத்துக் கிளப்பிவிட்டோம். ஒரு நாள்கூட விடாமல் அவள் காற்று மாதிரி போய்க் காற்று மாதிரி வந்தாள்; ஐந்து கிலோமீட்டர் எட்டாகி, எட்டு பத்தாகியும் வியர்வை ஒரு சொட்டு இல்லை. அவளைப் பார்த்து நாங்கள் மெச்சிக்கொண்டோம்.

இடையில் ஒரு சின்னச் சண்டை நடந்தது. இசக்கி ஆயுதப்படைக் காவலர். தன் முறை நாளில் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கண்ணயர்ந்து, அணிவகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று பதறி எழுந்து, பைக் கிளம்பாததால் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டமாக ஓடினான். அன்றைக்கு ஜெபக்கனியின் இரைப்பு அவனுக்கு வராமல் பட்டியலில் அடுத்திருந்த பியூலா டீச்சருக்குப் போய்விட்டது. “எம் முறைய டீச்சர் தின்னுட்டாவ” என்று அவன் சங்கத்தில் புகார் கொடுத்தான். அண்ணாச்சி இரண்டு பேரையும் சமாதானப்படுத்தி அனுப்பினார்.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு வெள்ளிக்கிழமை ஜெபக்கனி மதுரைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பினாள். வீட்டுக்குள் போகாமல் மோட்டார் அறைப் படியிலேயே உட்கார்ந்தாள். சாயங்கால முறைக்காக நான் அங்கே காத்திருந்தேன்.

“என்னம்மா, ஓடலியா?” என்றேன்.

“அண்ணே, எல்லாரையும் கொஞ்சம் கூப்பிடுதியளா?” என்றாள்.

எல்லோரும் வந்தார்கள். அவள் மடியில் ஸ்கேன் உறை இருந்தது. அதைத் தடவிக்கொண்டே, பத்திரத்தைப் படிக்கிற குரலில், ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னாள். அவளுக்கு ரூபன் என்று ஒரே தம்பி. மதுரையில் இருக்கிறான். அவன் கல்லீரல் கெட்டுப்போய்விட்டது. அவன் மனைவியின் ரத்தம் சேரவில்லை, இவளுடையது சேர்கிறது. இவள் கல்லீரலில் பாதியை அறுத்து அவனுக்கு வைக்கலாம். ஆனால் இவள் கல்லீரலில் கொழுப்பு மண்டிக்கிடக்கிறது; அது கரையாமல் கத்தி வைக்க முடியாது. மூன்று மாதம், சோற்றைக் குறை, மூச்சிரைக்க ஓடு என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

“இன்னிக்குப் போய்ப் பாத்தேன். ஒரு பொட்டுக்கூடக் குறையல. நீங்க நெசமாவே ஓடுதியளாம்மான்னு டாக்டர் கேக்காரு. நான் என்னத்தச் சொல்ல? இன்னும் ஆறு வாரம்தான் அவன் தாங்குவானாம்.”

“எங்ககிட்ட ஏன்மா மொதல்லயே சொல்லல?” என்றார் பியூலா டீச்சர்.

“சொன்னா அழுவியன்னுதான் சொல்லல. பெறவு எல்லாருக்கும் ஒடம்பு நல்லாருக்குன்னு சொன்னிய. அதக் கெடுக்க மனசு வரல.” அவள் அண்ணாச்சியை நிமிர்ந்து பார்த்தாள். “அண்ணாச்சி, எம் மூச்ச எனக்குக் குடுத்திருங்க.”

எங்களுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பதினைந்து வீட்டுக்காரர்களின் தொந்தியிலும் கரைந்தது அவள் தம்பியின் உயிர். நான் இடுப்புப் பட்டையை இழுத்துச் சட்டையால் மூடிக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

அன்றே அண்ணாச்சி கரும்பலகையை ஈரத்துணியால் துடைத்தார். பிரயோஜனமில்லை; அந்த இரைப்பு பட்டியலை மனப்பாடமாக வைத்திருந்தது. பதினாறு இடத்திலும் ஜெபக்கனி பெயரையே எழுதினார். அது ஏமாறவில்லை. அவளை நெல்லையப்பர் கோயில் ரத வீதிக்குக் கூட்டிப்போய் ஓடவைத்தோம். இங்கே முறைக்காரருக்கு இரைத்தது. ஞாயிற்றுக்கிழமை பாளையங்கோட்டைத் தேவாலயத்தில் அவளுக்காக ஜெபம் செய்தார்கள். ஜெபம் முடியும்வரை அமைதியாக இருந்துவிட்டு, அவள் வெளியே வந்து ஓடியதும் பழையபடி போனது.

கடைசியில் இசக்கிதான் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னான்: “அண்ணாச்சி, அன்னிக்கு நான் பஸ்ஸுக்கு ஓடுனேம்லா? எனக்கே எளைச்சுக்கிட்டு இருந்துச்சு. அதான் எங்கிட்ட வராம டீச்சர்கிட்டப் போயிருக்கு. எடமில்லன்னா அது அடுத்த வீடு பாக்கும்போல.”

அண்ணாச்சியின் வாய் திறந்தபடியே நின்றது. அப்படியானால் பதினைந்து வீட்டிலும் இடமில்லாமல் செய்துவிட்டால் அது எங்கே போகும்? அவளிடமே திரும்பவேண்டியதுதான். அவள் ஓடும்போது பட்டியலில் உள்ள பதினைந்து பேரும் சொந்தமாக ஓடி, சொந்தமாக இரைத்துக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவே. கேட்க எளிதாக இருந்தது. பியூலா டீச்சருக்கு மட்டும் முழங்கால் தேய்ந்திருந்ததால், அவர் மாடி வராந்தாவில் உட்கார்ந்து இடைவிடாமல் பலூன் ஊதுவது என்று முடிவாயிற்று. திங்கட்கிழமை காலை ஐந்தரை மணி, எல்லோரும் வாசலில் கூடவேண்டும். நானும் பலமாகத் தலையாட்டிவிட்டு வந்து படுத்தேன்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் சொல்லாமல் கதை நகராது. திங்கட்கிழமை ஐந்தேகாலுக்கு அலாரம் அடித்தது. ஐப்பசி குளிர். பதினான்கு பேர் ஓடுகிறார்கள், நான் ஒருத்தன் குறைந்தால் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன், அலாரத்தை அணைத்தேன், போர்வையை இழுத்து மூடினேன். கீழே அண்ணாச்சியின் விசிலும் செருப்புச் சத்தமும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் அது வந்தது. பதினான்கு கதவைத் தட்டி, பதினான்கிலும் இடமில்லாமல், என் நெஞ்சின் மேல் வந்து ஏறி உட்கார்ந்தது. முன்பெல்லாம் சுகமாக இருந்த அதே இரைப்புதான். ஆனால் அன்று, அது யாருடையது என்று தெரிந்தபின், ஒவ்வொரு மூச்சையும் திருடியவனைப்போல வாங்கினேன்.

ஓட்டம் நின்றது. ஜன்னலுக்குக் கீழே அண்ணாச்சி இரைத்துக்கொண்டே தலைகளை எண்ணுவது கேட்டது. “என்னம்மா, வந்துச்சா?” என்றார். “இல்ல அண்ணாச்சி, எனக்கு ஒண்ணுமே செய்யல” என்றாள் ஜெபக்கனி. படிகளில் காலடி கேட்டது.

கதவைத் திறந்தேன். இரண்டு மாடி ஏறி வந்தும் அவள் மூச்சு சீராக இருந்தது. நான் நிலையைப் பிடித்துக்கொண்டு, வியர்வை சொட்ட, நாய் மாதிரி இரைத்துக்கொண்டிருந்தேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, தான் ருசித்தறியாத பண்டத்தைச் சாப்பிடுகிறவனைப் பார்ப்பதுபோல என்னையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இப்படித்தான் இருக்குமாண்ணே?” என்றாள். “எங்கெல்லாம் வலிக்கு?”

“தொண்டை... காஞ்சு போச்சு. காலு எங்காலு மாதிரியே இல்ல.”

“பெறவு?”

“இங்கன, விலாவுல... வலது பக்கம் குத்துது.”

அவள் தன் வலது விலாவில் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள். “அங்கனதான் இருக்காம்ணே, கல்லீரலு” என்றாள். “எனக்கு அங்க ஒரு நாளாவது குத்தணும்ணே.”

அவள் இறங்கிப் போனபின் நான் கதவைச் சாத்திவிட்டு அழுதேன்.

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கே வாசலில் நின்றேன். வழக்கமான லுங்கியை மாற்றி, இசக்கியின் பழைய அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. அண்ணாச்சி விசில் ஊதினார். மாடியில் பியூலா டீச்சர் முதல் பலூனை வாயில் வைத்தார். ஓடினோம். முப்பதாவது அடியில் எனக்கு உயிர் போயிற்று. கட்டிலில் படுத்து இரைப்பது வேறு, இந்தத் தொண்ணூறு கிலோவை நானே தூக்கிக்கொண்டு போய் இரைப்பது வேறு என்று அப்போதுதான் தெரிந்தது. ரேஷன் கடையை நெருங்கும்போது பின்னாலிருந்து, அதுவரை எங்களில் யாரும் கேட்டிராத ஒரு சத்தம் வந்தது.

“யம்மாடி!” என்றாள் ஜெபக்கனி. திரும்பிப் பார்த்தால், குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பிளந்து காற்றை அள்ளுகிறாள். ஆறு வாரம் காற்று மாதிரி பறந்தவளால் இருநூறு அடி தாண்ட முடியவில்லை. “எளைக்கு! அண்ணாச்சி, எனக்கு எளைக்கு!”

எங்களுக்கு அவளைச் சுற்றி நின்று கொண்டாடவேண்டும்போல இருந்தது. அண்ணாச்சி விசிலைத் துப்பிவிட்டுக் கத்தினார்: “நிக்காதீங்கவே! நின்னா நம்மகிட்ட வந்துரும்! ஓடுங்க!” ஆகவே நாங்கள் அவளைச் சுற்றிச் சுற்றி ஓடினோம். நடுவில் அவள் விலாவைப் பிடித்துக்கொண்டு, அழுதுகொண்டே சிரித்தாள். ரேஷன் கடைக்குப் பாமாயில் வாங்க விடியற்காலமே வந்து பையை வரிசையில் வைத்திருந்தவர்கள் எங்களைப் பார்த்து, இது என்ன புதுக் கட்சியா என்று கேட்டார்கள்.

அதன்பின் வந்த ஆறு வாரத்தைப்போல என் வாழ்க்கையில் ஒன்று இருந்ததில்லை. முதல் வாரம் நான் எல்லோரையும் வெறுத்தேன், முக்கியமாக விசிலை. இரண்டாம் வாரம் கணுக்காலுக்கு மேலே எலும்பு வலித்து, மெத்தைக் கடையில் வாடிக்கையாளருக்குக் காட்டவேண்டிய மெத்தையில் நானே படுத்துவிட்டேன். ஐப்பசி மழை கொட்டியது, நனைந்துகொண்டு ஓடினோம். யாராவது ஒருவர் அசந்தால் அன்று ஜெபக்கனி சொகுசாகப் பறந்துவிடுவாள், அவ்வளவுதான், ஒரு நாள் வீண். சங்கரன்கோவிலில் மச்சினன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போன பால்துரை அண்ணாச்சி, முகூர்த்தத்துக்கு முன்னால் பட்டு வேட்டியை மடித்துக்கட்டி, மண்டபத்தைச் சுற்றி ஏழு சுற்று ஓடினாராம். பெண் வீட்டார் அதை எங்கள் பக்கத்துச் சடங்கு என்று நினைத்துப் பூ போட்டார்களாம். மூன்றாம் வாரம் ஒரு நாள் அலாரத்துக்கு முன்பே எனக்கு விழிப்பு வந்தது. ஏதோ சத்தம் கேட்டு எழுந்தேனோ என்று வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

ஜெபக்கனி முதல் வாரம் ரேஷன் கடையோடு நின்றாள். இரண்டாம் வாரம் அதற்கடுத்த ஆலமரத்தைத் தாண்டினாள், ஓடுவாள், நடப்பாள், வாந்தி எடுப்பாள், மறுபடி ஓடுவாள். ஐந்தாம் வாரத்தில்தான் வாய்க்கால் பாலத்தைத் தொட்டாள். கார்த்திகை நடுவில் மதுரைக்குப் போனாள். பதினொரு மணிக்கு அண்ணாச்சியின் போன் அடித்தது. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், பிறகு போனை எங்கள் பக்கம் நீட்டினார். “போதுமாம் அண்ணாச்சி” என்று அவள் குரல் கேட்டது. “அறுக்கலாம்னு சொல்லிட்டாவ.”

அடுத்த வாரம் அறுத்தார்கள். ஒரு நாள் முழுக்க நடந்தது. கல்லீரலில் ஒரு பாதி ரூபனிடம் போனது, மறுபாதி இவளிடம் நின்றது. இருபது நாள் கழித்து அவன் இட்லி கேட்டான் என்று சேதி வந்தபோது பியூலா டீச்சர் மொத்தக் குடியிருப்புக்கும் கேசரி கிண்டினார். நாலு மாதம் ஓடக்கூடாது என்று டாக்டர் அவளுக்கு உத்தரவு போட்டிருந்தார். அவள் ஓடவில்லையென்றால் இரைப்பு இல்லை, இரைப்பு இல்லையென்றால் நாங்கள் ஓடத் தேவையே இல்லை. அறுத்த நாளுக்கு மறுநாள் காலை ஐந்தரைக்கு, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் கீழே இறங்கினேன். பதினான்கு பேரும் அங்கே நின்றிருந்தார்கள், டீச்சர் உட்பட.

பங்குனி மாதம் அவள் திரும்பவும் ஓடத் தொடங்கினாள், மறுபடி முதலிலிருந்து, ரேஷன் கடையிலிருந்து. எங்களுக்குப் பின்னால் அவள் இரைத்துக்கொண்டு வருவது இப்போதும் தினமும் கேட்கிறது. நாங்கள் பதினைந்து பேரும் இரைப்பதால்தான் அந்த மூச்சு அவளிடம் நிற்கிறதா, அல்லது அந்தப் பழைய சங்கதி எப்போதோ தீர்ந்துபோய் அவள் மூச்சு அவளுடையதாகவே ஆகிவிட்டதா என்பது எங்களில் யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எனக்கு ஆசைதான். ஓடும்போதெல்லாம் யோசிக்கிறேன், அண்ணாச்சியும் யோசிக்கிறார், இசக்கி அடிக்கடி கேட்கிறான். கண்டுபிடிப்பது ரொம்பச் சுலபம். யாராவது ஒருவர், ஒரே ஒரு நாள், ஐந்தரை மணிக்குப் போர்வைக்குள் கிடந்து பார்த்தால் போதும். இதுவரை ஒருவரும் கிடக்கவில்லை.